சூனேம் வீட்டு மேலறை



திருவருகைக் காலம் பிறக்கும்போதே நம் ஊர்களின் ஜவுளிக்கடைகளும் நிரம்பத் தொடங்குகின்றன. பண்டிகைக்கு ஒன்று, ஆண்டின் கடைசி இரவு ஆராதனைக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று, தை மாதத் திருமணங்களுக்கு இரண்டு என்று கணக்கிடும் குடும்பங்கள் நம் சபைகளில் அநேகம். தாய்மாரின் புடவைகள் மட்டுமல்ல, வாலிபரின் விலையுயர்ந்த காலணிகளும் தகப்பன்மாரின் பட்டு வேட்டிகளும் அந்தக் கணக்கில் உண்டு. சம்பளம் போதாதபோது கடன் அட்டை வருகிறது. அதுவும் போதாதபோது நகை அடகுக்குப் போகிறது. இவ்வாரம் இதைக் குறித்துச் சற்று வெளிப்படையாகச் சிந்திப்போம்.

உடையை நான் அற்பமாக எண்ணவில்லை. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டார்கள், அவமானப்பட்டார்கள். 1859ஆம் ஆண்டு அரசாணை பிறக்கும்வரை பல்லாண்டுகள் அந்தப் போராட்டம் நீடித்தது. அவர்களின் பேத்திகளாகவும் பேரர்களாகவும் நம்மில் பலர் இருக்கிறோம். நல்ல உடையில் மனிதரின் கண்ணியம் இருக்கிறது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் கண்ணியத்துக்கு ஓர் அளவு போதும். பகட்டுக்கோ எந்த அளவும் போதாது.

வீடு சந்திப்புக்குச் செல்லும்போது நான் அடிக்கடி காண்பதைச் சொல்லுகிறேன். பீரோவின் கதவு மூட முடியாதபடி துணிகள் நிறைந்திருக்கும். முழங்கால் வலியுள்ள பாட்டியம்மாவோ கைப்பிடியில்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் அமர்ந்து, எழுந்திருக்க இன்னொருவர் கையை எதிர்பார்த்திருப்பார். பத்தாம் வகுப்புப் பிள்ளை கட்டிலின்மேல் குனிந்து, தன் நிழலே நோட்டின்மேல் விழ எழுதிக்கொண்டிருக்கும். மேற்குச் சன்னலுக்குத் திரை இல்லாததால் பிற்பகலில் அந்த அறையில் ஒருவரும் இருக்க இயலாது. கைவைத்த ஒரு நாற்காலி, ஒரு சிறு மேசையும் விளக்கும், கனத்த பருத்தித் திரை ஒன்று: நல்ல பட்டுப்புடவை ஒன்றின் விலைக்குள் இவை மூன்றும் அடங்கிவிடும். புடவை ஆண்டில் இரண்டு நாள் வெளியே வரும். நாற்காலியோ ஒவ்வொரு நாளும் பாட்டியம்மாவைத் தாங்கும்.

வீட்டுப் பொருட்களைப் பற்றி வேதம் என்ன சொல்லிவிடப் போகிறது என்று சிலர் கேட்கலாம். 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சூனேம் ஊரில் ஒரு பெண். வசதி படைத்தவள், எலிசா அவ்வழியாய் வரும்போதெல்லாம் உணவளித்தவள். அவருக்கென்று ஒரு சிறிய மேலறையைக் கட்டுவோம் என்று தன் கணவனிடம் சொல்லுகிறாள். அதில் வைக்க நினைத்தவை நான்கே பொருட்கள்: ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. களைத்து வருகிற மனிதருக்கு என்னென்ன தேவை என்று எண்ணிப் பார்த்த ஒருத்தியின் பட்டியல் அது. அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று வேதம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் போட்ட கட்டிலை மட்டும் மறக்காமல் சொல்லுகிறது.

கதை அங்கே முடியவில்லை. பிற்காலத்தில் அவளுடைய ஒரே மகன் இறந்தபோது, அவனைத் தூக்கிக்கொண்டு போய் அதே கட்டிலில்தான் கிடத்தினாள். அதே அறையில்தான் அவன் உயிரோடு எழுந்தான். மற்றவருக்காக ஆயத்தம் பண்ணின இடம், அவளுடைய துயரத்தின் நாளில் அவளுக்கே அடைக்கலமாயிற்று.

நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தின் குணசாலியான பெண்ணும் அழகாகவே உடுத்துகிறாள். ஆனால் அங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஏழைக்கு நீட்டிய கை, அடுத்து குளிர்காலத்துக்கு ஆயத்தமான வீட்டார், பின்பு கம்பளங்கள், அதன் பின்னரே அவளுடைய ஆடை. நம் பண்டிகைச் செலவில் இந்த வரிசை தலைகீழாகிறது.

வீட்டுப் பொருளும் பகட்டாக மாறக்கூடும் என்பதையும் மறவாதிருப்போம். பாலித்தீன் உறை கழற்றப்படாத சோபாக்களையும், விருந்தினர் வந்தாலும் கண்ணாடி அலமாரியை விட்டு இறங்காத கோப்பைகளையும் நாம் அறிவோம். ஒரு பொருளை வாங்குமுன் ஒரே கேள்வி போதும்: இதனால் இவ்வீட்டில் யார் இளைப்பாறுவார்?

அழகுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. பத்தமடைக் கோரைப்பாய், பவானி ஜமுக்காளம், கரூரில் நெய்த திரைச்சீலை, மணப்பாட்டுப் பனையோலைக் கூடை ஆகியவை கண்ணுக்கும் இனியவை, நாள்தோறும் கைக்கும் உதவுபவை. நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு நெய்தவர், முடைந்தவர் வீட்டு அடுப்புக்கும் சேரும். பரணில் கிடக்கும் தாத்தாவின் தேக்கு நாற்காலிக்குப் பிரம்பு பின்னி மெருகேற்றினால், கடையில் கிடைக்காத அழகு வீட்டுக்குள் வந்து அமரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தாடை இல்லாத காரணத்தால் பண்டிகை ஆராதனைக்கு வரக் கூசுகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நம்முடைய பளபளப்பு அவர்களை வாசலிலேயே நிறுத்துகிறது. மின்னும் உடையோடு வருகிறவனுக்கு முதலிடம் கொடுத்த சபையை யாக்கோபு ஏன் அவ்வளவு கடுமையாய்க் கடிந்துகொண்டார் என்பது இப்பொழுது விளங்கும்.

ஆகவே இவ்வாண்டு ஆளுக்கு ஒரு புத்தாடை போதும் என்று குடும்பமாய்த் தீர்மானியுங்கள். மீதியை என்ன செய்வது என்பதை வீட்டில் மூத்தவரிடமும் இளையவரிடமும் கேளுங்கள். அவர்களுக்குத் தேவையானதை வாங்குங்கள். பண்டிகை முடிந்தபின் ஒரு மாலை, அண்டையில் தனித்து வாழும் ஒருவரை அழைத்து அந்த நாற்காலியில் அமரச் செய்யுங்கள்.

ஜெபம்: தங்கும் இடமின்றி முன்னணையில் கிடத்தப்பட்ட ஆண்டவரே, எங்கள் வீடுகளில் பிறருக்கு இடம் உண்டாக்க எங்களுக்குக் கற்றுத் தாரும். ஆமென்.