ஒழுகும் இடம் எது?



சென்ற மாதம் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். நான் பார்க்கப்போன தங்கை, 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் வன்னிக்குப் போன மலையகக் குடும்பமொன்றில் பிறந்தவர். யுத்தத்தில் கணவரை இழந்து, பிள்ளைகளோடு பெரியம்மா வீட்டில் ஒதுங்கியிருக்கிறார்.

அது இந்திய உதவியில் கட்டப்பட்ட வீடு. அத்திட்டத்தில் வடக்கு, கிழக்கில் 46,000 வீடுகளும், மலையகத்தில் 4,000 வீடுகளும் அமைந்தன. உங்களில் சிலரும் அப்படியொரு வீட்டில் இருக்கக்கூடும். லயத்தில் இருந்தவரை பீலிக்கரையில் பாத்திரம் கழுவிய பெரியம்மாவுக்காக, தங்கை தன் சம்பளத்தில் சிறுகச் சேர்த்து ஒரு சிங்க் வைத்துக் கொடுத்திருந்தார்.

அதன் கீழே ஒரு வாளி. சொட்டுச் சொட்டாக அழுக்குத் தண்ணீர். சுவர் நனைந்து பாசி பிடித்திருந்தது. பாஸ் ஒருவர் இரண்டு தடவை வந்து அடிக்குழாயில் டேப் சுற்றிவிட்டுக் காசு வாங்கிப் போயிருக்கிறார்.

"நான் வந்ததாலதான் அக்கா இந்த வீட்டுச் சுவரும் நனையுது" என்றார் தங்கை. சமூகவியல் படித்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

பதில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்த அக்கா எட்டிப் பார்த்தார். "ஏன் புள்ள, என்கிட்ட சொல்லல?" என்று கேட்டபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வேலை செய்த வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்ததாம். அதன் கழிவு நீர்க்குழாய் சிங்கின் அடியில் வந்து சேரும். இயந்திரம் ஆடுவதில் அங்குள்ள கிளிப் தளரும். சும்மா பார்த்தால் ஒழுக்குத் தெரியாது. தண்ணீர் வேகமாக வரும்போதுதான் தெரியும். ஆகவே தண்ணீரை விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அதையே இங்கும் செய்தார். குழாய் முழுவதையும் துணியால் துடைத்தார். ஒவ்வொரு மூட்டிலும் காய்ந்த கடதாசித் துண்டைச் சுற்றினார். சிங்கை அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டார். முதலில் நனைந்தது மேல் மூட்டுக் கடதாசி! மேலே கசிந்த தண்ணீர் குழாய் வழியே இறங்கி அடியில் சொட்டியிருக்கிறது. பாஸ் சொட்டும் இடத்தைக் கட்டினார். ஒழுகும் இடம் வேறு.

வாளியைக் கீழே வைத்து, மேல் நட்டைக் கையாலேயே கழற்றினார்கள். உள்ளே ரப்பர் வாசர் திரும்பிக் கிடந்தது. அதன் சாய்வான பக்கம் நட்டைப் பார்க்காமல் மூட்டுக்குள் போகவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சரியாகப் போட்டு, கையால் இறுக்கினார்கள். சாவி போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். இத்தகைய மூட்டில் தண்ணீரைத் தடுப்பது வாசர்தான். மேலே டேப் சுற்றிப் பயனில்லை. வாசர் வெடித்திருந்தால் பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள்.

இன்னும் இரண்டு விடயங்கள். அடியில் வளைந்த பகுதியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் நாற்றத்தைத் தடுக்கிறது; அதைக் கழற்றி வீசிவிடாதீர்கள். தேயிலைச் சக்கையையும் பழைய எண்ணெயையும் சிங்கில் கொட்டாதீர்கள். சக்கை தோட்டத்துக்கு உரமாகும்.

மீண்டும் தண்ணீர் விட்டோம். கடதாசி காய்ந்தே இருந்தது. இரண்டாம் தடவை நட்டைக் கழற்றிப் பூட்டியது தங்கை. "இனி நானே பார்த்துக்குவேன்" என்றார்.

திரும்பும் வழியில் என் பையிலிருந்த படிவமொன்று நினைவுக்கு வந்தது. அந்தக் குவைத் அக்காவுக்காக நான் நிரப்பியது. 'தெரிந்த தொழில்' என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று மட்டும் எழுதியிருந்தேன். அன்றிரவே, 'குழாய் திருத்த வேலை' என்றும் சேர்த்தேன்.

சகோதரிகளே, உங்கள் படிவத்தில் என்ன விடுபட்டிருக்கிறது? எங்களைப் போன்றவர்கள் கேட்க மறந்தால், நீங்களாகவே சொல்லுங்கள்.