திறப்பு விழாவுக்குப் பிறகு

செட்டிநாட்டில் குடமுழுக்குக்கு நாள் குறித்தவுடன் அழைப்பிதழும் மலரும் அச்சுக்குப் போவது நெடுநாளைய வழக்கம். இப்போது அவற்றோடு ஓர் இணையதளமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒக்கூர் போன்றதோர் ஊரின் கோயிலுக்கும் பள்ளிக்கும் அத்தகைய தளம் அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழில் செய்யப் போனவர்களின் சந்ததியார், இன்று சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு, ஊரில் திருப்பணி எந்த மட்டில் இருக்கிறது என்று அறியக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா? என் ஆட்சேபம் தளத்தைப் பற்றியதன்று. திறந்துவைத்த மறுநாளிலிருந்து அதற்கு ஒருவருமே பொறுப்பில்லை என்னும் ஏற்பாட்டைப் பற்றியது.

இத்தளங்களிற் பல வேர்ட்பிரஸ் என்னும் கட்டமைப்பின்மேல் எழும்புகின்றன. மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003-இல் வெளியிட்ட அது, ஐந்தே நிமிஷத்தில் நிறுவிவிடலாம் என்ற கீர்த்தியோடு பரவியது. அந்தக் கீர்த்தி பொய்யுமன்று. வாடகைக்கு எடுத்த சர்வரில் லினக்ஸும் பிஹெச்பியும் ஒரு தரவுத்தளமும் ஆயத்தமாக இருந்துவிட்டால், கடவுச்சொல்லை ஒரு கோப்பில் எழுதிவைப்பதோடு பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டே பிளகின் என்னும் செருகுநிரல் வசதி வந்தது. அடிப்படை நிரல் ஒரு பக்கத்தை உருவாக்கிக்கொண்டு வருகையில், குறித்த சில இடங்களில் நின்று, இங்கே எவருக்கேனும் வேலை உண்டா என்று கேட்கிறது. முன்னமே பெயர் கொடுத்துவைத்த பிளகின்கள் ஒவ்வொன்றாக வந்து தத்தம் காரியத்தைச் செய்துவிட்டுப் போகின்றன. நன்கொடை வாங்க ஒன்று, தேரோட்டப் படங்களுக்கு ஒன்று, விசேஷ நாட்களைக் காட்ட ஒன்று என்று பத்துப் பன்னிரண்டைச் சேர்த்துவிட்டால், நிரல் எழுதத் தெரியாதவரும் அழகானதொரு தளத்தைக் கட்டிவிடலாம்.

அபாயமும் அங்கேதான் இருக்கிறது. இப்படி வந்து போகும் பிளகினுக்கும் அடிப்படை நிரலுக்கும் இடையே வேலி ஏதும் கிடையாது. படம் காட்ட வந்த பிளகின், விரும்பினால் நன்கொடையாளர் பட்டியலையும் படித்துவிடும். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்னும் பிளகின் சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. அது 2017-இல் கை மாறியதும், புது உடைமையாளர் வெளியிட்ட பதிப்புகளில், தளத்துக்கு உரியவர் அறியாமலே விளம்பரப் பக்கங்களை நுழைக்கும் வழி புகுத்தப்பட்டிருந்தது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருக்கையில் மனிதர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே என் மறுமொழி: அங்கே விஷம் வந்ததே புதுப்பித்தலின் வழியாகத்தான்.

புதுப்பிக்காமல் இருப்பதோ அதனினும் கேடு. இதே இனத்தைச் சேர்ந்த துருபல் என்னும் கட்டமைப்பில், 2014 அக்டோபர் 15 அன்று, இந்திய நேரப்படி இரவு ஒன்பதரை மணியளவில், ஒரு பெரும் ஓட்டை அறிவிக்கப்பட்டது. விடியற்காலை நாலரைக்குள் அதை அடைக்காத தளங்களெல்லாம் பிறர் கைக்குப் போய்விட்டதாகவே கருதவேண்டும் என்று துருபலின் பாதுகாப்புக் குழுவே பின்னர் எச்சரித்தது. அந்த ஏழு மணி நேரத்தில் எந்த ஊர்க் கமிட்டி விழித்திருக்கும்?

சர்வரின் பதிவேட்டை, அதாவது லாக் கோப்பை, ஒருமுறை திறந்து பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது. பத்துப் பேர்கூட வந்து பார்க்காத தளத்திலும், உள்நுழையும் பக்கத்தை வரிக்கு வரி தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன எங்கெங்கோ உள்ள இயந்திரங்கள். உலாவியில் ஒரு பொத்தானை அழுத்திப் பிளகினை ஏற்றிக்கொள்ளும் சௌகரியத்துக்காக, சர்வர் தன் நிரலைத் தானே திருத்தி எழுதும் அனுமதியைக் கொடுத்துவைக்கிறோம். அதே அனுமதி கள்வனுக்கும் உதவுகிறது. நகல் எடுத்துவைத்திருக்கிறோம் என்பார்கள். அந்த நகல் பெரும்பாலும் அதே சர்வரிலேயே இருக்கும். எழுத்துக் குறியாக்கத்தைக் கவனியாமல் எடுத்ததாயின், திருப்பி ஏற்றும்போது தமிழ் எழுத்து இருந்த இடமெல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். நகலை வேறோர் இடத்தில் ஏற்றிப் பாராதவர்களுக்கு நகல் இல்லையென்றே நான் சொல்வேன்.

சிரத்தையோடு நடத்தினால் இதே வகைக் கட்டமைப்பு நெடுங்காலம் நிற்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டி 2005 முதல் இணையத்தில் வழங்கிவரும் ‘நூலகம்’ என்னும் தளம், நீட்சிகளைச் சேர்த்துக்கொள்ளத்தக்க மீடியாவிக்கியின்மேல்தான் இயங்குகிறது. நிரல் அதனிடத்தில் விசேஷமானதன்று, பின்னால் ஓர் அறக்கட்டளையும் அயராத தன்னார்வலரும் இருப்பதே விசேஷம். கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்கள் 1992-இல் அவர் காலமான பின்னும் சிதறாமல் இருப்பதற்குக் காரணம், 1994-இல் அவற்றுக்கென்று சென்னையில் ஒரு நூலகம் ஏற்பட்டதன்றோ?

ஆகவே என் அபிப்பிராயம் இது. மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறிப் புள்ளி வரி கொடுத்துக் கோயிற் காரியங்களை நடத்துவது செட்டிநாட்டு நகரத்தாரின் பழைய முறை. தளத்தையும் விழாச் செலவில் எழுதாமல் ஆண்டுதோறும் அந்தப் புள்ளி வரிக் கணக்கில் எழுதவேண்டும். ஒக்கூரும் சுற்றியுள்ள ஊர்களும் தனித்தனியே சர்வர் வைத்துக்கொள்வது வீண். ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் வசதி 2010 முதல் வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது. அதில் பிளகின் ஏற்றும் அதிகாரம் மேல்நிர்வாகி ஒருவரிடமே நிற்கும். அந்த ஒருவருக்கு எல்லா ஊரும் சேர்ந்து மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம். ஒன்று விழுந்தால் எல்லாம் விழுமே என்பது நியாயமான கேள்விதான். ஆயினும், கவனிப்பாரற்ற பத்து வாசல்களைவிடக் காவலுள்ள ஒரு வாசலையே நான் நம்புவேன்.

இதற்கெல்லாம் கூட்டம் கூடி முடிவெடுக்க நாளாகும். அதற்குள் ஒன்றைச் செய்யலாம். தளத்தின் முகவரிப் பெயர், அதை அமைத்துக்கொடுத்த இளைஞரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கலாம். அவர் வேலை கிடைத்துத் துபாய்க்குப் போயிருக்கலாம். அந்தப் பதிவை ஊர்ச் சங்கத்தின் பெயருக்கு மாற்றி, புதுப்பிக்க வேண்டிய தேதியைச் செயலாளரும் பொருளாளரும் குறித்துவைத்துக்கொள்ள, அவர் ஊருக்கு விடுப்பில் வரும்போது ஒரு மாலைப்பொழுது போதும்.