கல்லைச் சோதிக்கிறார்கள், முடிவை யாரிடம் சொல்கிறார்கள்?

குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் பார்க்கிறார்கள். வண்டிப்பாதையில் ஒரு ஜீப் வந்து நிற்கிறது. இரண்டு மூன்று பேர் இறங்குகிறார்கள். ஒருவர் கையிலுள்ள பெட்டியைப் பாறைக்கு அருகே நீட்டி, ஓர் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். இன்னொருவர் ஓடை மணலைச் சலித்துச் சிறு பையில் கட்டுகிறார். கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்கிறார். "ஏனுங்க சார், என்ன பாக்கறீங்க?" என்று கேட்டால், "சர்வேம்மா" என்று ஒரே வார்த்தையில் பதில் வருகிறது. ஜீப் போய்விடுகிறது.

மறுநாளே ஊரில் இரண்டு வதந்திகள் புறப்படுகின்றன. "தங்கம் இருக்கிறதாம், ஏக்கர் கோடிக்குப் போகுமாம்" என்பது ஒன்று. "யுரேனியமாம், ஊரையே காலி செய்யப் போகிறார்களாம்" என்பது மற்றொன்று. முதல் வதந்தியால் நிலப் புரோக்கருக்கு லாபம். இரண்டாவது வதந்தியால் ஏழைக்குத் தூக்கம் போகிறது. உண்மையோ ஏதோ ஓர் ஆபீசின் கோப்புக்குள் இருக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் உழைக்கும் மக்கள் இந்தச் சர்வேயைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம். தெரிந்தவனை யாரும் எளிதில் ஏய்க்க முடியாது.

பெட்டி சொல்வது என்ன?

அந்தப் பெட்டி மந்திரப் பெட்டியல்ல. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகிய மூன்றும் பாறையில் இயற்கையாகவே இருக்கின்றன. அவற்றிலிருந்து காமா கதிர்கள் வெளிப்படுகின்றன. பெட்டிக்குள் இருக்கும் படிகத்தில் கதிர் பட்டால் ஒரு சிறு ஒளி தோன்றும். அந்த ஒளிகளைக் கருவி எண்ணுகிறது. ஒவ்வொன்றின் கதிருக்கும் தனி வலிமை உண்டு. சத்தத்தை வைத்தே எந்தத் தறி ஓடுகிறதென்று சொல்லிவிடும் நமது விசைத்தறித் தொழிலாளியைப் போல, கதிரின் வலிமையை வைத்து எது யுரேனிய வழி வந்தது, எது தோரிய வழி வந்தது என்று விஞ்ஞானி பிரித்தறிகிறார்.

ஆனால் பெட்டிக்கும் எல்லை உண்டு. மேலே ஒரு முழ மண் மூடியிருந்தாலே கீழேயுள்ள பாறையின் கதிர் பெரும்பாலும் வெளியே எட்டாது. மேலும், கருவி யுரேனியத்தை நேரே பார்ப்பதில்லை. யுரேனியம் சிதைந்து சிதைந்து உண்டாகும் பிஸ்மத்தின் கதிரையே பார்க்கிறது. பிள்ளையைப் பார்த்துத் தாய் அருகில் இருப்பாள் என்று ஊகிப்பது போலத்தான். எனவே முள் ஏறியதும் யுரேனியச் சுரங்கம் வந்துவிட்டதென்று நடுங்க வேண்டியதில்லை. சாதாரண கருங்கல்லிலும் முள் ஓரளவு ஏறத்தான் செய்யும்.

செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றை இந்தப் பெட்டியால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் ஓடை மணல். மழை மலையைக் கரைத்து ஓடைக்குக் கொண்டு வருகிறது. ஓடை மணலில் செம்பு கூடியிருந்தால் மேட்டில் எங்கோ செம்புப் பாறை இருக்கலாம் என்று பொருள். இந்திய புவியியல் ஆய்வுத் துறை நாட்டையே இரண்டு கிலோ மீட்டருக்கு இரண்டு கிலோ மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மாதிரி என்று எடுத்து வருகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலும் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துவிடுகிறது. ரேஷன் கடையில் வாங்கும் 20 கிலோ அரிசியில் ஏறத்தாழப் பத்து லட்சம் மணிகள் இருக்கும். அதில் ஒரே ஒரு மணியைப் பொறுக்குகிற காரியம் இது!

நமது மண்ணில் இருப்பது

இந்த மண்ணின் வளத்தை யாரும் புதிதாக நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஞ்சமலை இரும்பும் சேலத்து வெள்ளைக்கல்லும் நாடறிந்தவை. சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கும் குருந்தக்கல்லின் பெயரைத்தான் இங்கிலீஷ்காரன் 'கொரண்டம்' என்று எடுத்துக்கொண்டான். அதே சித்தம்பூண்டிப் பாறைகளில் பிளாட்டின வகை உலோகங்களைத் தேடினார்கள். சந்திரனில் இறங்கும் வண்டியைச் சோதிப்பதற்குச் சந்திர மண்ணைப் போன்ற மண் வேண்டுமென்று விண்வெளித் துறை வந்து நின்றதும் இங்கேதான்.

சேலம் ஜில்லா பக்கநாட்டில் தோரியமும் அருமண் உலோகங்களும் கலந்த மோனசைட் கொண்ட அபூர்வமான பாறை இருக்கிறது. வடக்கே திருப்பத்தூர் அருகே சேவாத்தூரில் அதே இனத்துப் பாறையில் யுரேனியம் கலந்த கனிமம் உண்டு. பழைய தென்னார்க்காட்டு மாமண்டூரில் செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்திருப்பது கண்டறியப்பட்டது. இருப்பது வேறு, வெட்டிக் கட்டுபடியாவது வேறு என்பதையும் மறக்கக்கூடாது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகும் தொழிலாளியைக் கேளுங்கள். அவன் துளையிடாத மாநிலம் உண்டா? எத்தனை அடியில் என்ன நிறக் கல்தூள் வரும் என்று அவன் சொல்லிவிடுவான். கல்லறிவு நமக்கு இருக்கிறது. கோப்பறிவுதான் நமக்கு மறுக்கப்படுகிறது.

தேடுவது குற்றமல்ல

மண்ணைச் சோதிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. செம்பு இல்லாமல் மோட்டார் சுற்ற முடியாது. மோட்டார் இல்லாமல் தறியும் ஓடாது, கிணற்றுத் தண்ணீரும் ஏறாது. 1851-ல் கும்பினி ஆட்சி இந்தப் புவியியல் துறையை அமைத்தது தன் தேவைக்குக் கரி தேடுவதற்காக. சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் அணுக் கனிமங்களைத் தேடப் பொதுப்பணத்தில் தனிப் பிரிவு உண்டாயிற்று. அதுதான் இன்றைய அணுக் கனிமங்கள் இயக்ககம். மக்கள் வரிப்பணத்தில் விஞ்ஞானிகள் தேடிக் கண்டுபிடிப்பது மக்கள் சொத்து. அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் நடப்பது என்ன? 2023-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். செம்பு, ஈயம், துத்தநாகம், தங்கம் உள்ளிட்ட 29 கனிமங்களைத் தேடும் லைசென்சைத் தனியாருக்கு ஏலம் விட வழி செய்தார்கள். ஒரே லைசென்சில் 1,000 சதுர கிலோ மீட்டர் வரை! 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று விலக்கு அளித்தது. அதாவது, தோண்டுகிறவனுக்கு விவரம் தெரியலாம், தோண்டப்படுகிற ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை!

இதன் பலனை மதுரை ஜில்லா கண்டது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளிவந்தபோதுதான் அரிட்டாபட்டி முதலிய ஊர்கள் கொதித்தெழுந்தன. விவசாயிகளும் பெண்களும் ஒன்றுபட்டு நின்றார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. வெற்றிதான். ஆனால் சர்வே நடந்த நாளிலேயே ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தால் இவ்வளவு பாடு எதற்கு?

பொதுத்துறை என்ற பெயர்ப்பலகை மட்டும் போதும் என்றும் நாம் சொல்லமாட்டோம். ஜாதுகுடாவில் 1951-ல் யுரேனியத் தாது கண்டறியப்பட்டது. அங்கே சுரங்கம் நடத்துவது பொதுத்துறைக் கழகம்தான். ஆயிரம் கிலோ பாறையை உடைத்தாலும் ஒரு கிலோ யுரேனியம் கிடைப்பதில்லை. மிஞ்சும் கழிவுச் சேற்றிலேயே கதிரியக்கத்தின் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. சேற்றுக் குளங்களின் அருகே வாழும் ஆதிவாசி மக்கள் தங்கள் நோய்களைப் பற்றிப் பல்லாண்டுகளாகக் குரல் எழுப்பி வருகிறார்கள். கழகம் மறுத்து வருகிறது. நம்பகமான கணக்கு ஊர் கையில் இல்லாததால் வழக்கு தீராமலே இருக்கிறது.

கிணற்றுத் தண்ணீர்

சுரங்கம் நாளை வரலாம், வராமலும் போகலாம். தண்ணீர் இன்றைய பிரச்னை. பாறையிலுள்ள யுரேனியம் நிலத்தடி நீரில் கரையும். லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வரம்பு கூறியது. அதிகமானால் முதலில் அடிபடுவது சிறுநீரகம். அதற்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. காய்ச்சினாலும் போகாது. கிணறு வற்றி, 800 அடி, 1,000 அடி என்று பாறையைத் துளைத்துக் குடிக்கிறோமே, அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று நமக்கு யார் சொன்னார்கள்?

தாது தேடுகிறவர் கிணற்று நீரைச் சோதிக்கும்போது, அந்த எண் அவருக்குப் புதையலின் தடயம். அந்தக் கிணற்றில் குடம் முக்குகிற தாய்க்கோ அது தன் பிள்ளையின் சிறுநீரகம். ஒரே எண்தான். ஒருவருக்குத் தெரிகிறது, மற்றவருக்குத் தெரிவதில்லை. இது நியாயமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டா உள்ளவருக்கு நஷ்டஈடு பேசுவார்கள். பட்டா இல்லாத கூலிக்காரர் கதி என்ன? 2013-ன் நிலம் எடுப்புச் சட்டம், மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே கருதுகிறது. ஆனால் களை வெட்டிய பெண்ணின் பெயர் எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறது? எழுத்தில் இல்லாத உழைப்பை ஆபீசர் எப்படி எண்ணுவார்?

நாம் கேட்பது

எந்தத் துறை, எந்தக் கம்பெனி, எந்தக் கனிமத்தை, எந்த சர்வே நம்பர்களில் தேடுகிறது என்ற அறிவிப்பைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்ட வேண்டும்.

சோதித்த ஒவ்வொரு கிணற்றின் கணக்கையும் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். வரம்பை மீறிய கிணறு இருந்தால், சுரங்கப் பேச்சுக்குக் காத்திராமல் உடனே மாற்றுக் குடிநீர் தர வேண்டும்.

சர்வேயில் குழி வெட்டுகிற, மூட்டை சுமக்கிற, துளையிடுகிற தொழிலாளிகளின் பெயரை ரிஜிஸ்டரில் பதிந்து, சட்டப்படி கூலியும், கல்தூசிலிருந்து பாதுகாப்பும், விபத்துக்கு ஈடும் தர வேண்டும்.

மக்கள் கருத்துக் கேட்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நிலத்தை நம்பிய கூலித் தொழிலாளர் பட்டியலைக் கிராம சபையே தயாரிக்க வேண்டும்.

இவை பேராசைக் கோரிக்கைகளா? இல்லை. நம் மண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிய வேண்டும் என்பதே நாம் கேட்பது.

அடுத்த முறை ஜீப் வந்தால் கல்லெறிய வேண்டாம். வந்தவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, எந்த ஆபீஸ், எதற்கான சர்வே என்று கேட்டு, தேதி போட்டுக் குறித்து வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். மே 1 அன்றும் ஆகஸ்ட் 15 அன்றும் கிராம சபை கூடுகிறது. ஆலைத் தொழிலாளியும் அன்று ஊரில் இருப்பான். காட்டில் வேலை செய்பவரும் ஆலையில் வேலை செய்பவரும் சேர்ந்து எழுந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்போம்:

"எங்கள் கிணற்றுக் கணக்கு எங்கே?"