ஓதத்துக்கு மேல் பெயின்ட் அடிக்கிறோம்



இது கொஞ்சம் கசப்பாக இருக்கும். கோபம் வந்தாலும் முழுவதும் வாசியுங்கள்.

பொத்துவில், அறுகம்பைப் பக்கம் சீசனுக்கு வீடுகள் தயாராகின்றன. மாரி தொடங்கியபோது பூட்டிய அறைகள் இப்போதுதான் திறக்கின்றன. கதவைத் திறந்ததும் மூக்கில் அடிக்கும் அந்த மணம் எல்லோருக்கும் தெரியும். சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கும். அல்மாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். மெத்தையைத் தட்டினால் தும்மல்.

நாம் என்ன செய்கிறோம்? இரண்டு பெண்களைக் கூப்பிட்டு குளோரின் போட்டுத் துடைப்பிக்கிறோம். மேலே வெள்ளைப் பெயின்ட் ஒரு கோட். அறைக்குள் வாசனைக் குப்பி. போட்டோ எடுத்து இணையத்தில் போட்டால் வேலை முடிந்தது.

"நாம்" என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறோம். எங்கள் குடும்பங்களுக்குள்ளும் இப்படி வீடுகள் இருக்கின்றன.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள். அங்கே ஈரத்தை மறைத்தது காய்ந்த தானியம். இங்கே மறைப்பது பெயின்ட். வேறென்ன வித்தியாசம்?

"வெள்ளைக்காரன் ரெண்டு நாள் நிற்பான், போயிடுவான்" என்கிறீர்கள். சரி, மாரி முழுக்க அந்த வீட்டில் இருப்பது யார்? காவலுக்கு வைத்த நம் ஊர் ஏழைக் குடும்பம். தை, மாசியில் வரவு இடாப்பைத் திறந்தால் அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே நாட்கணக்கில் வெற்றிடம். ஏன் வரவில்லை என்று கேட்டால் முட்டு, நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரியில் நெபுலைசர் பிடித்தோம் என்கிறார்கள். ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். பிள்ளையின் பாய் விரித்திருந்த மூலையில் சுவர் கையில் ஒட்டியது. வீட்டுக்காரரிடம் சொன்னோம். "வாடகை எடுக்காமத்தானே சேர் இருக்க விட்டிருக்கம்" என்றார். பிள்ளையின் மூச்சுத்தான் அந்த வாடகை என்பது அவருக்கு விளங்கவில்லை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஓதமும் பூஞ்சணமும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே தனி வழிகாட்டி வெளியிட்டது. ஓதம் பிடித்த வீட்டில் இருப்பவர்களுக்கு முட்டும் சுவாச நோய்களும் கூடுதலாக வருவதாக அதில் இருக்கிறது.

"கடலோரம் என்றால் அப்படித்தான்" என்பது அடுத்த சாட்டு. கடலைக் குறை சொல்லாதீர்கள். கழுவாத கடல் மணலில் சாந்து குழைத்தது நாம். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பீலி உடைந்து தண்ணீர் சுவரில் வழிய விட்டதும், அத்திவாரத்துக்கு மேல் மணல் குவிய விட்டதும், மூன்று மாதம் யன்னல் திறக்காமல் பூட்டி வைத்ததும் நாம்தான். பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே நின்று அடுத்த மாரியில் பொருக்காக உரியும். வருடா வருடம் பெயின்டுக்குக் கொட்டும் காசை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓட்டையும் பீலியையும் திருத்துங்கள். சுவரடியில் குவிந்த மணலை அகற்றுங்கள். உப்பூறிய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, ஆற்று மணலில் பூசுங்கள். காய முதல் பெயின்ட் வேண்டாம். அல்மாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாரியிலும் வெயில் எறிக்கும் நாளில் யன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். பூஞ்சணம் ஊறிய மெத்தையை வீசுங்கள். காவல்காரருக்கு ஸதகாவாகக் கொடுக்காதீர்கள்.

துடைக்க வரும் சகோதரிகளுக்கு மாஸ்க்கும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். பூஞ்சணத்தைக் காய்ந்தபடி சுரண்ட விடாதீர்கள், நனைத்துத் துடைக்க வேண்டும். குளோரினையும் கக்கூஸ் கழுவும் அசிட்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. அதிலிருந்து வருவது நச்சு வாயு.

இந்த வருடம் காசு இல்லையா? அந்த ஒரு அறையைப் பூட்டி வையுங்கள். வாடகைக்கும் விடாதீர்கள், அதில் பிள்ளையையும் படுக்க வைக்காதீர்கள்.

சீசன் வருமானம் ஹலாலாக இருக்கட்டும் என்று துஆ கேட்கிறோம். துஆவுக்கு முதல் சுவரில் ஒருமுறை கையை வைத்துப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.