வடக்குக் குறிப்புகள் – 17: பிசிறு



பதிவு போட்டு ஆறு வாரமாச்சு. "ஆளையே காணோமே, தீசிஸ் முடிஞ்சுதா?"ன்னு ரெண்டு மூணு பேர் விசாரிச்சிருந்தீங்க. தீசிஸ் எல்லாம் முடியல. இடது கைல நாலு தையல், அதான் லீவு. ஒத்தைக் கையால பொட்டி தட்டுற கொடுமை அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். இப்போ தையல் பிரிச்சாச்சு. அதனால இந்த வாரம் கத்தி தீட்டுறது எப்படின்னு ஒரு பதிவு. ஆமா, கத்திதான். சிரிக்கிறவங்க சிரிச்சுட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன் :-)

மொதல்ல கொஞ்சம் பின்கதை. நான் குப்பை கொட்டுற உமெயோ, ஸ்வீடனோட வடக்குல இருக்கு. 1888-ல ஒரு பெரிய தீ விபத்துல ஊர்ல பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. திரும்பக் கட்டும்போது, இனிமே தீ பரவக் கூடாதுன்னு தெருவை எல்லாம் அகலமாப் போட்டு வரிசையா பிர்ச் மரம் நட்டு வச்சாங்க. இன்னைக்கும் 'பிர்ச் மரங்களின் ஊர்'னுதான் பேரு. பார்க்க அழகுதான். ஆனா டிசம்பர்ல ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம்தான் வெளிச்சம். மீதி நேரம் ரூம்ல உக்காந்து சுவத்தைப் பார்த்துட்டே இருந்தா மண்டை காஞ்சிரும். அதனால போன வருஷக் கடைசில மரம் செதுக்குற சாயங்கால வகுப்பு ஒண்ணுல சேர்ந்தேன். வாரத்துக்கு ஒரு நாள், மூணு மணி நேரம். பச்சை பிர்ச் கட்டையைக் கோடாலியால உருவம் கொண்டுவந்து, கத்தியால செதுக்கி, வளைஞ்ச கத்தியால குழி தோண்டினா ஒரு மரக்கரண்டி. கேக்க ஈஸியா இருக்குல்ல? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

இதுக்கு இங்க 'ஸ்லோய்ட்'னு பேரு. கைவினைன்னு வச்சுக்கோங்க. ஸ்வீடன் பள்ளிக்கூடத்துல இது கட்டாயப் பாடம். ஆம்பளப் பசங்களும் தையல் பழகணும், பொம்பளப் பசங்களும் ரம்பம் பிடிக்கணும். 1870கள்ல ஓட்டோ சாலமன்னு ஒருத்தர், கோத்தன்பர்க் பக்கத்துல நேஸ்ங்கிற இடத்துல வாத்தியார்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சார். பல நாட்டுலேர்ந்து வந்து கத்துக்கிட்டுப் போயிருக்காங்க. எங்க வட்டாரத்துக்கும் ஒரு பெரிய கை உண்டு, வில்லே சுண்ட்க்விஸ்ட் (1925–2018). கத்தியும் கோடாலியும் வச்சு செதுக்குறதுக்கு அவர் எழுதின புத்தகம்தான் எங்க வகுப்புல பாடநூல் மாதிரி.

எங்க டீச்சர் எழுபது தாண்டின அம்மா. இங்க டீச்சரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு வாய் வரல. மனசுக்குள்ள பாட்டின்னுதான் கூப்பிடுறேன். பாட்டி முதல் நாளே சொன்னாங்க, "வகுப்புல இருக்கிற கத்தியை மட்டும் எடு. வெளியில வாங்கிட்டு வந்தா முதல்ல எங்கிட்ட காட்டு."

நாம கேப்போமா? பழைய சாமான் சந்தைல 20 குரோனாவுக்கு ஒரு கத்தி கிடைச்சுது. மரப்பிடி, அழகா இருந்துச்சு. ரூம்ல தனியா உக்காந்து செதுக்கிட்டு இருந்தேன். கத்தி மரத்துல ஏறவே இல்ல. 'மழுங்கலாத்தானே இருக்கு, என்ன பண்ணிரும்'னு பலமா அழுத்தினேன். வழுக்கிட்டு வந்து இடது பெருவிரல் அடில இறங்கிருச்சு. மிச்சத்தை நீங்களே யூகிச்சுக்கோங்க.

அன்னைக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணினா அம்மா காய்ச்சி எடுத்துட்டாங்க. "படிக்கப் போனியா, மரம் வெட்டப் போனியா?" நியாயமான கேள்வி. அப்புறம் அப்பா போனை வாங்கினார். வலிக்குதான்னு கூட கேக்கல. "ஏல, கத்தி கூரா இருந்துச்சா, மழுங்கலா இருந்துச்சா?"

"மழுங்கல்தான்ப்பா."

"ம்." அவ்வளவுதான். போன் அம்மா கைக்குப் போயிருச்சு.

எங்க அப்பா அரசாங்க ஆபீஸ்ல கிளார்க். ஸ்குரூ டிரைவர் பிடிச்சுக்கூட நான் பார்த்ததில்ல. தாத்தாதான் ஆசாரி. தென்காசிப் பக்கம் எங்க கிராமத்துல பாதி வீட்டு நிலையும் கதவும் அவர் கைவேலை. அப்பாவுக்கு ஏன் அந்தத் தொழில் வரலன்னு நான் கேட்டதே இல்ல. படிச்சார், வேலை கிடைச்சுது, போயிட்டார்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்.

ரெண்டு வாரம் கழிச்சு கட்டோட வகுப்புக்குப் போனேன். பாட்டி திட்டல. அந்த 20 குரோனா கத்தியை வாங்கி, கூர் மேல பார்த்த மாதிரி விளக்குக்கு நேரா பிடிச்சாங்க. "என்ன தெரியுது?" விளிம்பு நெடுக மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு மின்னிச்சு. "அதுதான் மழுங்கல். கூரான விளிம்புல வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது. அதனால கூர் கண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சா அது கூர் இல்ல."

இங்க ஒரு வார்த்தை வேடிக்கை. ஸ்வீடிஷ்ல 'ஸ்லோ'ன்னா மழுங்கல். அதே வார்த்தைக்கு சோம்பேறின்னும் அர்த்தம் உண்டு. பாட்டி கத்தியையும் பார்த்து, என்னையும் பார்த்து, அந்த வார்த்தையை ஒரே ஒரு தடவை சொன்னாங்க. எது எதுக்குன்னு நான் கேட்டுக்கல.

சரி, மேட்டருக்கு வருவோம். மழுங்கின கத்திதான் ஆபத்து. ஏன்னா அதை வெட்ட வைக்க நாம பலத்தைக் குடுக்கிறோம். குடுத்த பலம் நம்ம கட்டுப்பாட்டுல இருக்காது. கூரான கத்தி மெதுவாப் போகும், நிறுத்தின இடத்துல நிக்கும். கோடாலியும் இப்படித்தான். கூரா இருந்தா மரத்தைக் கவ்வும். மழுங்கி இருந்தா மரத்துல பட்டுத் தெறிச்சு எங்கே வேணா போகும், முழங்கால் உட்பட.

இங்க செதுக்குற கத்தி பெரும்பாலும் மோரா ஊர்க் கத்தி. ரெண்டு பக்கமும் அகலமா ஒரே ஒரு சரிவு, அது நேரா விளிம்புல போய் முடியும். ரெண்டு சரிவும் சேர்ந்து ஏறக்குறைய 25 டிகிரி. இதுல ஒரு பெரிய சௌகரியம் என்னன்னா, கோணம் எவ்வளவுன்னு நாம மண்டையை உடைச்சுக்க வேண்டாம். சரிவைக் கல்லுல படிய வச்சா கோணம் தானா வந்துரும். படியுதான்னு சந்தேகமா? சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால மை பூசுங்க. ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் பாருங்க. மை எங்க போயிருக்கோ அங்கதான் கல் படுது. முதுகுப் பக்கம் மட்டும் போயிருந்தா கத்தியைக் கொஞ்சம் தூக்கணும். விளிம்பு ஓரம் மட்டும் போயிருந்தா ஏற்கனவே ரொம்பத் தூக்கிட்டீங்க, இறக்கணும்.

கல் ரெண்டு போதும். பல்லு போன கத்திக்கு 300, 400 நம்பர்ல சொரசொரப்பான கல் ஒண்ணு. மத்ததுக்கு 1000 நம்பர். அதுக்கு மேல 4000-னு இருந்தா சந்தோஷம். தண்ணி விட்டு, விரலால சரிவு மேல லேசா அழுத்தி, ஒரே பக்கமாத் தேய்ச்சுட்டே இருக்கணும். எவ்வளவு நேரம்? இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. பத்து தடவை, இருபது தடவைன்னு கணக்கு எல்லாம் கிடையாது. மறுபக்க விளிம்புல மெல்லிசா ஒரு இரும்பு மடிப்பு எழும்பும். முதுகுலேர்ந்து விளிம்பை நோக்கி விரலைத் தள்ளினா நகத்துல தட்டும். அடிலேர்ந்து நுனி வரைக்கும் விடாம அது எழும்பினாத்தான் இந்தப் பக்கம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஒரு இடத்துல இல்லேன்னாலும் அந்த இடத்துல விளிம்பு இன்னும் வரல. அப்புறம் திருப்பிப் போட்டு அதே மாதிரி.

கோடாலின்னா தலைகீழ். கோடாலியைத் தொடைக்கும் மேசைக்கும் நடுவுல அசையாமப் பிடிச்சுட்டு, வட்டக் கல்லை அது மேல சுழட்டணும். பல்லு போயிருந்தா முதல்ல அரம். கையில தடியான உறை கட்டாயம். வளைஞ்ச கத்திக்கு உள்பக்கம் கல்லு போகாது. உருட்டுக் கட்டையில உப்புத்தாளைச் சுத்தி இழுக்கணும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணி இல்லாம வேகமாச் சுத்துற மெஷின் சாணைல பிடிக்காதீங்க. விளிம்பு மெல்லிசுங்கிறதால சட்டுனு சூடாயிரும். நீலம் பாய்ஞ்சா சூடு ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டாச்சுன்னு அர்த்தம், அந்த இடத்துல இரும்போட பதம் போச்சு. அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் நிக்காது. நீலம் போற வரைக்கும் தேய்ச்சுத் தள்ள வேண்டியதுதான். இங்க பழைய பண்ணை வீடுகள்ல கையால சுத்துற பெரிய மணற்கல் சக்கரம் இருக்கும். அடில தண்ணித் தொட்டி. மெதுவாச் சுத்தும், சூடேறாது. சின்ன வயசுல பாட்டிக்கு அதைச் சுத்துறதுதான் வேலையாம்.

கடைசியா, அந்த மடிப்பு. அதை அப்படியே விடக் கூடாது. பக்கம் மாத்தி மாத்தி ரொம்ப லேசாத் தேய்ச்சு, அப்புறம் தோல் வார்ல பின்பக்கமா இழுத்து எடுத்துரணும். நம்ம ஊர் சலூன்ல சவரக்கத்தியை வார்ல 'சப் சப்'னு இழுப்பாங்களே, அதேதான். எடுக்காம விட்டா என்ன ஆகும்? விரல்ல தொட்டா சுருக்குன்னு இருக்கும், ஆஹா கூருன்னு ஏமாந்துருவோம். நாலு வெட்டுல அது மடங்கிரும். மழுங்கின கத்தியை வச்சுக்கிட்டு கூர்னு நம்பிட்டு இருப்போம்.

இந்த மடிப்புக்கு ஸ்வீடிஷ்ல 'ரோ எக்'னு பேரு. பச்சை விளிம்புன்னு அர்த்தம். தமிழ்ல என்னன்னு யோசிச்சேன், பிடிபடல. பதிவுக்கு ஆகுமேன்னு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பிசிறு" அப்படின்னார், நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

கொசுவத்தியைச் சுத்தினது நான் இல்ல, அப்பாதான். அப்போ அவர் ஏழாங்கிளாஸ். கல்லுக்குத் தண்ணி ஊத்துறதும், உளி தீட்டுறதும் அவர் வேலை. கோயில் கொடைக்கு அன்னைக்கு ராத்திரி திரை கட்டிப் படம் போடுறாங்க. கையில ரெண்டு உளி. அவசர அவசரமா ஒரு பக்கம் தேய்ச்சார், பிசிறு ஏறுச்சு. விரல்ல பார்த்தார், சுருக்குன்னுச்சு. போதும்னு பெட்டில வச்சுட்டு ஓடிட்டார். மறுநாள் தாத்தா ஒரு நிலைக்குத் துளை எடுத்துட்டு இருந்திருக்கார். நாலு தட்டுக்கு மேல உளி ஏறல. கையால அழுத்திச் சீவியிருக்கார். வழுக்கி இடது ஆள்காட்டி விரல்ல இறங்கிருச்சு. நரம்பு போயிருச்சு.

எனக்கு அந்த விரல் நல்லா ஞாபகம் இருக்கு. தாத்தா டீ டம்ளரைப் பிடிக்கும்போது அந்த ஒரு விரல் மட்டும் மடங்காம நீட்டிட்டே நிக்கும். சின்ன வயசுல அதைப் பார்த்து நானும் விரலை நீட்டிட்டு டீ குடிப்பேன், வீடே சிரிக்கும். அப்பா சிரிச்சாரான்னு இப்போ யோசிச்சுப் பார்க்கிறேன். ஞாபகம் இல்ல.

"தாத்தா திட்டலையாப்பா?"

"ஒரு வார்த்தை சொல்லல. கேட்டவங்ககிட்ட எல்லாம் மரம் முரண்டு பிடிச்சிட்டுன்னு சொன்னாரு. கட்டோட உக்காந்து அந்த உளியை அவரே தீட்டினாரு. நான் அப்புறம் பட்டறைப் பக்கம் போகல. அவரும் கூப்பிடல."

தாத்தா தவறி ஆறு வருஷமாச்சு. இது அம்மாவுக்கே தெரியாதாம். "கைல தையல்னு நீ சொன்னதும் அதான் மொதல்ல கேட்டேன்"ன்னார். எழுதட்டுமான்னு அனுமதி வாங்கித்தான் எழுதுறேன். "பேரைப் போடாத, மத்ததைப் போடு. எவனாவது ஒருத்தன் பிசிறு எடுக்கட்டும்."

போன ஞாயித்துக்கிழமை அப்பா பரண்லேர்ந்து தாத்தாவோட உளி ஒண்ணை இறக்கியிருக்கார். ஒரே துரு. வீடியோ கால்ல மார்க்கர் பேனா வித்தையை நான் விளக்கினேன், ஸ்வீடன் ரிட்டர்ன் பந்தாவோட. "மை எல்லாம் எதுக்குல, சத்தத்தைக் கேளு. படிஞ்சா ஒரு சத்தம், படியலேன்னா ஒரு சத்தம்"னார். அரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசல. கல்லுச் சத்தம் மட்டும்தான். கடைசில நகத்துல தட்டிப் பார்த்தார். திருப்பிப் போட்டு, லேசா, ரொம்ப லேசா, பிசிறு எடுத்தார். "இப்ப சரி"ன்னுட்டு போனை வச்சுட்டார்.

நம்ம கரண்டி இன்னும் முடியல. காம்பு கோணலா நிக்குது. முடிஞ்சதும் படம் போடுறேன், கும்மி அடிக்க வசதியா.

உங்க ஊர்ல பிசிறுக்கு வேற பேரு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்படியே சமையல்கட்டுக் கத்தியை விளக்குல ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க. வெள்ளைக் கோடு தெரிஞ்சா, இன்னைக்கே. கொடை, படம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

வர்ட்டா?