மொட்டைமாடி வரைக்கும்தான் நட்பா?

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, அத்திப்பட்டில் நண்பன் வீட்டு மொட்டைமாடியில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். காட்டுப்பள்ளியில் துறைமுகக் கட்டுமான வேலை நடந்தபோது ஒரே ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நின்றவர்கள். எல்லோருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கி, கையில் பிளாஸ்டிக் டம்ளர், நடுவில் வறுத்த நெத்திலி.

பேச்சு வழக்கமானதுதான். ஒருவனுக்குச் சர்க்கரை, ஒருவனுக்கு மூட்டுவலி. பிள்ளைகளுக்கும் அதே ஒப்பந்த வேலை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் கறுத்துப்போன கதையை மறுபடி பேசினோம். மூச்சு விடும் காற்று ஒன்று, இருமலும் ஒன்று.

இரண்டாவது ரவுண்டில் வீட்டுக்காரன் மெதுவாக ஆரம்பித்தான். மகள் ஒரு பையனை விரும்புகிறாளாம். "நல்ல பையன்தான். குடிக்க மாட்டான், வேலைல இருக்கான். ஆனா அவங்க வேற ஆளுங்கடா."

எந்த ஆள் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கணம் அமைதி. அவனே என் தோளைத் தட்டினான். "உன்னச் சொல்லல மச்சான். நீ நம்ம ஆளு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு இரவெல்லாம் தூங்கவிடவில்லை. பதினைந்து வருடப் பழக்கத்தில் அந்த வீட்டு மொட்டைமாடிக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஏறுவது எப்போதும் வெளிப்படிக்கட்டு வழியாகத்தான். கூடத்தில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடித்ததில்லை. ஊர்ப்பக்கத்து டீக்கடையில் இரட்டைக்குவளை என்றால் நமக்குக் கோபம் வருகிறது. குடித்துவிட்டுத் தூக்கியெறியும் டம்ளருக்கு இரண்டாவது குவளை தேவையில்லை என்பது உறைக்கவில்லை.

லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக 1936-இல் அண்ணல் அம்பேத்கர் எழுதிய உரை, மாநாடே ரத்தானதால் மேடையேறவில்லை. சேர்ந்து உண்பதால் சாதி சாகவில்லை, கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அதில் அவர் தெளிவாகச் சொன்னார். சேர்ந்து குடிப்பதற்கும் அதே கணக்குதான்.

"இதெல்லாம் தெக்கத்திப் பிரச்சினை, மெட்ராஸ்ல ஏது சாதி?" என்பவர்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் பள்ளிக்கரணையில், சாதி மறுப்புத் திருமணம் செய்த தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் பெண்ணின் சகோதரரும் ஒருவர். பள்ளிக்கரணை சென்னையில்தான் இருக்கிறது.

என் நண்பன் கத்தி எடுப்பவன் அல்ல. என் அம்மா செத்தபோது பாடை தூக்கியவன். ஆனால் "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று நல்லவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் இடத்தில்தான் மற்றவர்களுக்குத் துணிச்சல் வருகிறது. "நீ வேற, அவங்க வேற" என்ற விதிவிலக்கைப் பெருமையாக வாங்கிக்கொண்டு சிரிக்கும் நாமும் அதற்குத் துணைபோகிறோம்.

மறுநாள் காலையில் போன் செய்தேன். "நேத்து நான் சிரிச்சது தப்புடா. அந்தப் பையன் என் பையனா இருந்தா என்ன சொல்லியிருப்ப?" வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, "பேசலாம் மச்சான்" என்றான்.

பேசத்தான் வேண்டும். மொட்டைமாடியில் அல்ல, கூடத்தில். அவன் மகளையும் உட்கார வைத்து.