கருவிக்குக் கோடி, லேபிளுக்கு?

பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூட்டையில் கட்டிய அட்டை நீளக் கயிற்றில் தொங்கினால், பக்கத்து மூட்டையின் மேல் போய்க் கிடக்கும். மதுரைக்குப் போக வேண்டிய சரக்கு ஈரோட்டில் இறங்கும். அட்டையைப் படித்தவர் கண்ணில் கோளாறு இல்லை, கயிறுதான் நீளம்.

உயிரணுக்களைப் படம் பிடிக்கும் விஞ்ஞானிகளுக்கும் இதே தொல்லைதான். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்கும் நெருங்கி இருப்பவை ஒன்றாகக் கலந்தே தெரியும். (ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் நானோமீட்டர்.) ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் அபே 1873-ல் வகுத்த வரம்பு இது. அதைத் தாண்ட வழி கண்ட எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் 2014-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லோரும் கருவியைப் புகழ்ந்தார்கள். லேபிளை யார் நினைத்தார்கள்?

ஒளிரும் சாயத்தைப் புரதத்தோடு ஒட்டினால்தான் அது இருக்கும் இடம் தெரியும். ஒட்டுவதற்கு வழக்கமாக ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருளை, ஒன்றின் மேல் இன்னொன்றாக இரண்டு சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர். ஆகவே உயிரணுவுக்குள் 25 நானோமீட்டர் தடிமனே உள்ள நுண்குழாய், படத்தில் 50, 60 என்று பருத்து நிற்கிறது. கோடிக்கணக்கில் கருவி வாங்கி, கயிற்றில் கோட்டை விட்ட கதை!

கைகொடுத்தது ஒட்டகம். அதன் இரத்தத்தில் எளிய அமைப்புள்ள வேறு வகை ஆன்டிபாடியும் உண்டு என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்டார்கள். அதன் நுனிப் பகுதியை மட்டும் பாக்டீரியாவில் தயாரித்துக்கொள்ளலாம். 'நானோபாடி' என்று பெயர். எடை வழக்கமானதில் பத்தில் ஒரு பங்கு. நீளம் 4 நானோமீட்டர் அளவுதான். புரதத்திலேயே செயற்கை அமினோ அமிலம் ஒன்றைப் புகுத்தி, அதில் சாயத்தை நேராகப் பிணைத்தால் இடைவெளி 1 நானோமீட்டர் அளவுக்குக் குறைகிறது. அது முழுக்க முழுக்க வேதியியல் வேலை.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. மும்பையில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, "ஆராய்ச்சியெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம்" என்று குமாஸ்தா பரீட்சைக்கு மனுப் போடுகிறார்கள். (எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற நானும் குமாஸ்தாதான். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை.) கருவிக்கு நிதி ஒதுக்கும்போதெல்லாம், லேபிள் செய்யத் தெரிந்த வேதியியல்காரர் ஒருவருக்கும் அதே உத்தரவில் சம்பளம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒட்டகத்துக்கும் பஞ்சமில்லை. பிகானேரில் மத்திய அரசின் ஒட்டக ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.